கரெண்டு வறட்டி

வெயில் ஏறுவதற்குள் நூறு வறட்டி தட்டிவிட வேண்டும். ரத்னம்மா சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு சாணத்தை மிதித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கூடை சாணத்துக்கு ஒரு கூடை வேர்க்கடலைத் தோல், ஒரு பிடி சாம்பல். மிதிக்க மிதிக்க அது பிசைந்த மாவு மாதிரி இழுபடும். அந்தப் பதத்தில் உருட்டி ஓங்கி அறைந்தால் ஐந்து விரலும் பதிந்து, பசை போட்டது போல ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டுவதற்கு இடம் தேடி அலைந்த காலம் போய்விட்டது. நெல்லிமேட்டில் மொத்தம் முப்பத்தொரு வீடு. பாதி ஓலைத் தட்டி, மீதி மண்சுவர். மண்சுவரில் அடித்த வறட்டி முன்பக்கம் காயும். பின்பக்கம் நாலு நாளானாலும் நசநசவென்றே இருக்கும். போன வருஷம் மின்சாரக்காரர்கள் வந்தார்கள். கர்னூலில் புது ஆந்திர ராஜ்யம் வந்து உட்கார்ந்த கையோடு வந்த வேலை அது. ஊருக்கு மேற்கே மேய்ச்சல் மேட்டில், பனைமரத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்துக்கு ஓர் இரும்புக் கோபுரத்தை நட்டார்கள். நாலு காலுக்கும் நாலு சிமிட்டிக் கட்டை. ஜல்லியும் சிமிட்டியும் கலந்த இடம் அப்படியே இறுகி, பந்தி போடுகிற அளவுக்கு ஒரு மேடையாக நின்றுபோனது. கோபுரத்தின் தலையில் மூன்று கம்பிகளை மாட்டித் திருப்பதிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். ஊருக்கு மிஞ்சியது அந்த மேடைதான்.

மேடையை முதலில் கண்டுபிடித்தவள் ரத்னம்மா. காலையில் தட்டிய வறட்டி மறுநாள் பொழுது சாய்வதற்குள் தட்டினால் 'டங்' என்று கேட்கிற அளவுக்குக் காய்ந்துவிட்டது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். அவள் நடுப்பகலில் மேடைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். 'ஸ்ஸ்' என்று கையை உதறினாள். அவ்வளவுதான், விஷயம் அவளுக்கு வெளிச்சமாகிவிட்டது.

"மேல கம்பியில ஓட்ற கரெண்டு, இரும்புக்கால் வயியா எறங்கி இந்தச் சிமிட்டியில வந்து குந்திக்கினு கீதுமே" என்றாள் அடுத்த வீட்டு லட்சுமம்மாவிடம்.

லட்சுமம்மா நம்பவில்லை. அவளும் கையை வைத்தாள். அவளும் உதறினாள். நம்பிவிட்டாள்.

ரத்னம்மாவின் புருஷன் பாலையா மட்டும்தான் மறுத்துப் பேசினான். விறகு வண்டிக்காரன், நாலு ஊர் பார்த்தவன். "வெயில்ல கல்லு சுடாம இன்னா பண்ணும்? பைத்தியக்காரி."

"நம்ம வூட்டுச் சுவத்து மேலயும் அதே வெயில்தானே அடிக்குது? அது ஏன் சுடல?"

பாலையா வாளியை எடுத்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

வாரத்துக்கு இரண்டு தரம் அவன் மலை விறகை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போவான். விறகின் மேலே வறட்டிக் கூடைகள், கூடைகளின் மேலே ரத்னம்மா. கோழி கூவும்போது புறப்பட்டால் நல்ல வெயிலில் தீர்த்தக்கட்டை வீதியில் வண்டி நிற்கும். அங்கே சுலோசனா அம்மாள் வீட்டில் முதல் கூடை இறங்கும்.

அந்த வீட்டுக்குள் போகும்போதெல்லாம் ரத்னம்மாவுக்குச் சிரிப்பு வரும். முற்றத்தில் வெந்நீர்த் தவலை. அதற்கு வறட்டியும் விறகும். சமையலறையில் சோற்றுக்கு ஒரு மரத்தூள் அடுப்பு, காப்பிக்கு ஒரு கரியடுப்பு. விருந்தாளி வந்தால் 'புஸ்'ஸென்று சீறுகிற பம்ப் ஸ்டவ் ஒன்று. கூடத்தில் கரெண்டு விளக்கு, ரேடியோ. இஸ்திரிப் பெட்டிக்குக்கூடத் தனியாகக் கரி. வீட்டில் இருப்பதோ மூன்று பேர்.

"ஏம்மா, மூணு பேருக்கு இத்தினி நெருப்பா? எங்க வூட்ல ஒரே அடுப்பு, ஏழு பேரு துன்றோம். அந்த அடுப்புலயே மாட்டுக்குத் தவிடும் காயுது."

சுலோசனா சிரித்தாள். "ஒன் வீட்ல பாத்திரம் தேய்க்க ஆள் வச்சிருக்கியா? கரி புடிச்சா நீயே தேய்ப்பே. இங்க வேலைக்காரி வேலையை விட்டே நின்னுடுவா." பிறகு ஒரு வறட்டியை எடுத்து விண்டு பார்த்தாள். "அது கெடக்கட்டும். மத்தவ கொண்டாந்தா முற்றம் பூரா புகை. ஒன்னுது எப்படி இப்படிக் கணகணன்னு எரியுது? காலைல ஒண்ணு போட்டா மத்தியானம் வரைக்கும் வெந்நீர் சுடுதே!"

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் ரத்னம்மா. "இது கரெண்டு வறட்டிம்மா" என்றாள், குரலைத் தாழ்த்தி. "கரெண்டுல காய வச்சது. மேல போறது எறங்கி வருது, நாங்க புடிச்சிக்கிறோம்."

"கரெண்டுலயா?"

"ஆமாம்மா. எங்க ஊர்ல எல்லாருக்கும் அதுதான்."

அன்றைக்கு ஒரு வீட்டில் சொன்னது அடுத்த வாரம் வீதி முழுக்கத் தெரிந்திருந்தது. "கரெண்டு வறட்டி வந்தாச்சா?" என்று மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். நாலு கூடை பத்துக் கூடையானது. பாலையா விறகைக் குறைத்து வறட்டிக்கு இடம் விட்டான். ஊர்ப் பெண்கள் எல்லோரும் மேடைக்கு வந்தார்கள். ரத்னம்மா ஆளுக்கு ஒரு பங்கு பிரித்துக் கொடுத்து, கோபுரத்தின் நாலு கட்டைகளை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டாள். "காலுகிட்டதான் கரெண்டு ஜாஸ்தி" என்பது அவள் வாதம். லட்சுமம்மா அதற்காக ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தாள்.

ஜீப்பு வந்தது ஒரு புதன்கிழமை.

மேய்ச்சல் மேட்டில் தூசியைக் கிளப்பிக்கொண்டு நேரே கோபுரத்தடிக்கு வந்து நின்றது. காக்கிச் சட்டையும் தொப்பியும் போட்ட நடுவயதுக்காரர் ஒருவர் இறங்கினார். பின்னால் தோளில் கம்பிச் சுருளோடு லைன்மேன் ஏகாம்பரம். கோபுரம் நட்டபோது ஊரில் மூன்று மாதம் தங்கி, வீட்டுக்கு வீடு கூழ் குடித்தவன் அவன். இன்றைக்கு ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை.

"யார் இங்க ரத்னம்மா?"

"நான்தான் சாமி." சாணிக் கையோடு எழுந்து நின்றாள்.

காக்கிக்காரர் நாலு கட்டைகளையும் பார்த்தார். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழ்வரை வரிசை வரிசையாக வறட்டி. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எலக்ட்ரிக் சூப்பர்வைசர். கோவர்த்தனன். ஒம்மேல கம்ப்ளெய்ண்டு. கரெண்டு திருட்டு."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு லட்சுமம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். "எங்க ஊர்ல திருடறதுக்கு இன்னா சாமி கீது? ஒரு கம்பம் கீதா, ஒரு பல்பு கீதா?"

"சிரிக்காதம்மா. ஆறு மாசம் உள்ள போடுவாங்க." கோவர்த்தனன் ஒரு காகிதத்தை உதறினார். "இந்த லைன்ல ஏத்தி விடறது ஒரு அளவு, திருப்பதில வந்து சேர்றது ஒரு அளவு. நடுவுல குறையுது. எங்க போச்சுன்னு மேல கேள்வி மேல கேள்வி. அந்த நேரம் பார்த்து மாதர் சங்கத்துல எங்க இஞ்சினியர் சம்சாரத்துக்கு ஒரு சேதி போயிருக்கு. நெல்லிமேட்டுல கரெண்டைப் புடிச்சி வறட்டி காய வைக்கறாங்கன்னு. சொன்னது யாருன்னு நெனைக்கறே?" அவர் குரல் சற்று இறங்கியது. "என் பொண்டாட்டி."

"சுலோசனாம்மா வூட்டு ஐயாவா நீங்க!" ரத்னம்மாவின் முகம் மலர்ந்தது. "அம்மா சௌக்கியமா சாமி? தவலை சரியா காயுதா?"

"காயுது, காயுது. இன்னிக்கிக் கூட அதுலதான் குளிச்சிட்டு வரேன்." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது போல ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்தார். ஏகாம்பரம் கம்பிச் சுருளைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

சோதனை தொடங்கியது. கோவர்த்தனன் முழங்கை வரைக்கும் கறுப்பு ரப்பர் உறை மாட்டிக்கொண்டார். ஒரு பலகையைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். கோபுரத்தின் காலை ஒரு விரலால் தொடப் போய், தயங்கி, மறுபடியும் நீட்டினார். அதற்குள் ரத்னம்மா வெறுங்கையால் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நின்றாள். "இங்கதான் சாமி, இங்கதான் நல்லா சுடும்."

"ஏய்! தொடாதே, தொடாதே!"

"தெனம் தொட்டுக்கினுதானே கீறோம்?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலையைத் தூக்கின. ஏகாம்பரம்கூட வாயைப் பொத்திக்கொண்டான். கோவர்த்தனன் பலகையிலிருந்து இறங்கி, ரப்பர் உறையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தார். பாதி வெளியே தொங்கியது.

"பல்பை எடு" என்றார்.

ஏகாம்பரம் பையிலிருந்து ஒரு பல்பை எடுத்தான். பெண்கள் ஓர் அடி முன்னால் வந்தார்கள். நெல்லிமேட்டுக்குள் பல்பு வருவது அதுதான் முதல் தடவை. கோழிமுட்டை போலப் பளபளவென்று இருந்தது. உள்ளே மயிரிழை மாதிரி ஒரு கம்பி. அதிலிருந்து வந்த இரண்டு ஒயரில் ஒன்றைக் கோபுரக் காலில் சுற்றினான். இன்னொன்றை ஓர் ஆணியில் கட்டி ஈரமண்ணில் அடித்தான்.

"பாத்துக்கம்மா" என்றார் கோவர்த்தனன். "இது எரிஞ்சா கரெண்டு இறங்குதுன்னு அர்த்தம். நீ என்னோட ஜீப்புல ஏறணும். எரியலேன்னா நீ சொன்னதெல்லாம் சும்மா."

பாலையா எங்கிருந்தோ ஓடிவந்து கூட்டத்துக்குள் நுழைந்தான். அவன் வாய் முணுமுணுவென்று ஏழுமலையானைக் கூப்பிட்டது. ரத்னம்மா பல்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். எரியக்கூடாது. எரிந்தால் ஆறு மாசம். ஆனால் ஏகாம்பரத்தின் உள்ளங்கையில் அது அத்தனை அழகாக உட்கார்ந்திருந்தது. போன சங்கராந்திக்கு முப்பத்தொரு வீட்டுக்கும் நடந்து, முப்பத்தொரு பெருவிரல் ரேகை வாங்கி, ஊருக்கு மூன்று விளக்கு வேண்டும் என்று மனுப்போட வைத்தவளே அவள்தான். 'எரியேன், ஒரே ஒரு தரம் எரிஞ்சிட்டு அணைஞ்சிடேன்' என்று மனசு கேட்டது. அவளுக்கே திக்கென்றது.

பல்பு எரியவில்லை.

ஏகாம்பரம் ஒயரை இழுத்துக் கட்டினான். ஆணியை இன்னும் ஆழமாக அடித்தான். அடுத்த காலில் சுற்றினான். நாலு காலிலும் பார்த்தாகிவிட்டது. பல்பு பல்பாகவே இருந்தது.

"அய்யே!" என்றாள் லட்சுமம்மா. எல்லோருடைய முகமும் விழுந்துவிட்டது.

பாலையா மட்டும் துள்ளினான். "நான் சொல்லல? வெயிலு! வெயில்தான்! சிமிட்டிக்குள்ள சூடு நிக்குது, மண்ணுல நிக்கல. இவ கேட்டாளா?"

"நீ சொன்னது கீது, காரணம் சொன்னியா?" என்று அவன்மேல் பாய்ந்தாள் ரத்னம்மா. பிறகு கோவர்த்தனனைப் பார்த்து, "அப்ப திருட்டு இல்லல்ல சாமி?"

"இல்ல. கரெண்டு எங்கயோ போவுது, ஒங்கிட்ட இல்ல." கோவர்த்தனன் ஜீப்பின் மூக்கில் காகிதத்தை விரித்து, பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். இரண்டு வரி எழுதினார். நிறுத்தினார். பேனாவின் பின்பக்கத்தால் காதைச் சொறிந்துகொண்டார். பைக்குள் கையை விட்டு ஒரு பழைய காகிதக் கட்டை எடுத்தார். பச்சை நாடா கட்டிய கட்டு. பிரித்ததும் முப்பத்தொரு ரேகை வரிசையாகத் தெரிந்தது. ஓரத்தில் எண்ணெய்க் கறை.

"எங்க மனு!" என்றாள் ரத்னம்மா.

"ஒங்க மனுதான். போன தடவை, ஒங்க ஊரு ஆந்திராவா மெட்ராஸா, எல்லை முடிவாவட்டும்னு திருப்பி அனுப்பினாங்க இல்ல?"

"ஆமா. கம்பிய இஸ்துகினு போம்போது மட்டும் எந்தச் சீமைன்னு யாரும் கேக்கல."

கோவர்த்தனன் இருமினார். "இப்ப மறுபடியும் எடுத்திருக்காங்க. ஊருக்குத் தேவையா இல்லையான்னு நான்தான் எழுதணும். தேவைன்னு எழுதலாம்னுதான் கொண்டாந்தேன். இங்கதான் சிக்கல்." பேனாவால் இரண்டு காகிதத்தையும் மாறி மாறித் தொட்டார். "திருட்டு விசாரணையும் இதுவும் ஒரே மேசைக்குப் போவும். ஒரே ஆள் படிப்பார். 'இந்த ஊர் கரெண்டு கேட்டு மனுப்போட்டது, கிடைக்கல, அதனால வீதி வீதியா கரெண்டு வறட்டின்னு வித்தாங்க.' இப்படித்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். வேணும்னு இருந்தவங்கதானே திருடியிருப்பாங்கன்னு கேப்பார். பல்பு எரியலேன்னு நான் ஆயிரம் எழுதினாலும் நிக்காது."

"அதுக்கு?"

"வேணாம்னு எழுதிட்டா, கேஸே எழும்பாது."

மேலே கம்பி 'ம்ம்ம்' என்று ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருந்தது.

"வேணாம்னு எயுதிட்டா மறுபடி எப்ப சாமி வரும்?" என்றாள் ரத்னம்மா.

"இப்ப நடக்கற திட்டம் முடிஞ்சி, அடுத்த அஞ்சு வருஷத் திட்டத்துல கேட்டுப் பாக்கலாம்."

அவள் சற்று நேரம் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "சாமி, ஒண்ணு கேக்கறேன். நீங்க சொல்ற ஜெயில்ல கரெண்டு கீதா?"

"இருக்கு. ஏன்?"

"எத்தினி பல்பு?"

"வராந்தா பூரா எரியும்."

"அப்ப நா ஜெயிலுக்கே போறேன்!" என்று சேலையை உதறினாள் ரத்னம்மா. "லட்சுமம்மா, நீயும் வரியா? ஊரே போயிடலாம். சோறும் போட்டு விளக்கும் ஏத்தறாங்க."

லட்சுமம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஏகாம்பரம் வாய்விட்டுச் சிரித்தான். கோவர்த்தனன் தொப்பியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்; தோள் குலுங்கியது. பாலையாவுக்கு மட்டும் பயம் போகவில்லை. "வெளயாடாதமே. ஏழு பேருக்கு யாரு பொங்கறது? நானா?"

"நீ பொங்கினா மாடுகூடத் துன்னாது." சொல்லிவிட்டு ரத்னம்மா பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். ரேகை வைக்கத் தயங்கியவள், புருஷனுக்குத் தெரியாமல் வைத்தவள், மையை நெற்றியில் பொட்டாக இட்டுக்கொண்டு சிரித்தவள். எல்லோரும் நின்றார்கள்.

"ஒன்ன அனுப்பிட்டு விளக்க வச்சிக்கினு இன்னா பண்றது?" என்றாள் லட்சுமம்மா, கண்ணைத் துடைத்தபடி. "யார் மூஞ்ச பாக்கறதுக்கு? வைமே ரேகைய."

"எயுதிக்கோங்க சாமி."

கோவர்த்தனன் இங்கிலீஷில் எழுதினார். வேகமாக எழுதினார். "படிச்சிக் காட்டுங்க" என்று கேட்டதற்கு, தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நெல்லிமேடு சோதிக்கப்பட்டது. மின்சாரம் ஒரு துளியும் எடுக்கப்படவில்லை. இவ்வூரார் சமையலுக்குச் சாணமும் சுள்ளியும் கடலைத் தோலும், வெளிச்சத்துக்கு வீட்டுக்கு ஒரு சிம்னி விளக்கும் வைத்துக்கொண்டு குறைவில்லாமல் வாழ்கிறார்கள். இவர்களுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. இவர்கள் அதை விரும்பவும் இல்லை.

"இன்னா அழகா எயுதிக்கீறாரு!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

மைப்பெட்டியைத் திறந்தான் ஏகாம்பரம். ரத்னம்மா சாணிக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பெருவிரலை மையில் அழுத்தி, 'விரும்பவும் இல்லை' என்று அவர் சொன்ன இடத்துக்குக் கீழே பதித்தாள். ரேகை தெளிவாக விழுந்தது. ஓரத்தில் கொஞ்சம் சாணி.

வேலை முடிந்ததும் கோவர்த்தனனின் முகம் தெளிந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டார். ஜீப்பில் ஒரு காலை வைத்தவர், மேடையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "ரத்னம்மா... ஒங்க சுலோசனாம்மா சொல்லி அனுப்பினா. விசாரணை எப்படியானாலும் சரி, வரும்போது ரெண்டு மூட்டை எடுத்துக்கிட்டு வரச் சொன்னா. நாளைக்கு ஊர்லேர்ந்து ஜனம் வருது, வெந்நீர் நெறைய வேணும்."

"இத மொதல்ல சொல்லக்கூடாதா சாமி?"

பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மேடைக்கு ஓடினார்கள். காய்ந்ததைத் தட்டித் தட்டிப் பார்த்து எடுத்தார்கள். கோபுரத்தின் காலடியில் இருந்தவற்றை ரத்னம்மாவே பெயர்த்தாள். அவைதான் முதல் தரம். மூட்டைகள் பின்சீட்டில் ஏறின. அவற்றுக்கு இடம் விட்டு ஏகாம்பரம் ஜீப்பின் பின்படியில் தொற்றிக்கொண்டான். ஒரு கையில் பல்பைப் பஞ்சில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான்.

ஜீப்பு மேட்டிலிருந்து இறங்கித் திருப்பதிச் சாலையில் ஏறியது. சாலை போன பக்கமே மேலே மூன்று கம்பிகளும் போயின. கோபுரம் தாண்டிக் கோபுரமாக, மலை வரைக்கும். கம்பிகளின் நிழலுக்கடியில் வறட்டி மூட்டைகள் ஆடி ஆடிச் சிறுத்துப் போவதைப் பெண்கள் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.